அத்தை கேட்ட காரல்

என் தம்பியின் உயிரைக் காப்பாற்றியது நான்தான் என்று இருபத்தாறு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை. அவனுக்கு மீசை முளைத்த பிறகும், எதிர்த்துப் பேசினால், "லேய், நான் இல்லேன்னா நீ இல்ல, ஓர்மை வச்சுக்கோ" என்று சொல்லிக் காட்டுவேன். அவனும் அடங்கிவிடுவான். படகுத்துறையில் கண்டவர்களிடமெல்லாம் அப்பா அந்தக் கதையைச் சொல்லி எனக்குச் சாட்சியாக இருந்ததால் அவனுக்கு வேறு வழியில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. அந்தமானில், பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் வருகிற உப்பங்கழிக் கரையில் எங்கள் வீடு இருந்தது. சர்க்கார் வள்ளமும் வலையும் தருகிறது என்ற பேச்சை நம்பி, குளச்சல் பக்கத்திலிருந்து அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவர் அப்பா. வள்ளமும் வலையும் உண்மையிலேயே கிடைத்தன. கூடவே அட்டையும் கொசுவும் வாரக்கணக்கில் நிற்காத மழையும் கிடைத்தன. அவற்றைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

தம்பி அப்படியொரு மழையில்தான் பிறந்தான். பேறு பார்ப்பதற்காக ஊரிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஒரு மாதம் முன்பே வந்து இறங்கியிருந்தாள். கப்பலில் வந்த நாலு நாளும் வாந்தியெடுத்தவள் என்று சொன்னார்கள். ஆனாலும் குரல் ஒரு பிடி குறையவில்லை. வந்த அன்றைக்கே அடுப்பை இடம் மாற்றினாள், அப்பாவைக் குளித்துவிட்டு வந்து சாப்பிடச் சொன்னாள், எனக்குப் பேன் பார்த்தாள். மூன்று பேருமே அவளுக்குப் பயந்தோம்.

பேறு நல்லபடியாக முடிந்தது. ஆனால் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. பால் ஊறவில்லை. தம்பி இரண்டு நாள் வீடு இடிகிற மாதிரி கத்தினான். மூன்றாம் நாள் சத்தம் குறைந்தது. அப்பாடா என்று நான் நினைத்தேன். அத்தையின் முகமோ கறுத்துப் போயிற்று. பசும்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினாள். பாதிக்கு மேல் கக்கிவிட்டான். கம்பவுண்டர் மழையில் நனைந்துகொண்டு வந்து அம்மாவுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு டின் பால் வாங்குங்கள் என்றார். அப்பா பாம்பூஃப்ளாட் போய், படகில் சாத்தாம் துறைக்குக் கடந்து, போர்ட் பிளேரில் கடை கடையாக ஏறி இறங்கினார். மெயின்லேண்ட் கப்பல் வந்தால்தான் டின் பால் என்று எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

"காரல் வேணும்," என்றாள் அத்தை. "பூண்டும் நல்லமிளகும் தட்டிப் போட்டு காரல் சாறு வச்சுக் குடுத்தா பாலு தன்னால ஊறும். நான் எத்தன பேறு பாத்தவ! ஒரு சட்டி காரல் கொண்டு வாடே, போதும்."

அப்பா சிரித்தே விட்டார். எங்கள் ஊரில் காரல் மீனை யாரும் தேடிப் போவதில்லை. கரைமடி வலையை இழுத்தால் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கூடை கூடையாக வந்து விழும். மிஞ்சியதைத் தென்னைக்கு உரமாகப் போடுவார்கள். "இதுக்கா அக்கா இவ்வளவு பாடு? நாளைக்கே கூடை நெறையக் கொண்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளினார்.

மறுநாள் என் உயரத்துக்கு ஒரு பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கு மறுநாள் ஒரு கொடுவா. மூன்றாம் நாள் வந்த மீனின் பெயரே யாருக்கும் தெரியவில்லை. கிளி மாதிரி பச்சை நிறமும் கிளி மாதிரியே மூக்கும் வைத்திருந்தது. வேறு சமயமாக இருந்தால் அத்தை அதைச் சுற்றி நின்று கும்மி அடித்திருப்பாள். இப்போதோ, "இத வச்சு நான் என்ன கலியாணமா நடத்தப் போறேன்?" என்று சீறினாள். "இவ்வளவு பெரிய மீனெல்லாம் ஒனக்க வலையில வந்து விழுது. ஒரு வெத்தல அளவு மீனு வராதா?"

அப்பா வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தம்பி பூனைக்குட்டி மாதிரி முனகினான். அப்பாவுக்குக் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

நான் காரலைப் பார்த்ததேயில்லை. ஆகவே அத்தையிடம் அடையாளம் கேட்டேன். கோபத்திலும் அவள் அழகாகச் சொன்னாள். "வெத்தலையத் தேய்ச்சு வச்ச மாதிரி தட்டையா இருக்கும் மக்ளே. வெள்ளிக்காசு கணக்கா மின்னும். கையில எடுத்தா சளி மாதிரி வழுவழுன்னு ஒட்டும். வாயப் பிடிச்சு மெல்ல இழுத்தேன்னா, உள்ள மடக்கி வச்சிருக்க கொழலு நீண்டு வரும், கீழ பாத்து. அதுதான் காரல். வேற எந்த மீனுக்கும் அப்படி வாய் கெடையாது."

கழியோரமாகவே மேலே போனால் மாசியின் வீடு. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். எல்லாரும் அவளை மாசி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் பேச்சில் அம்மாவின் கூடப்பிறந்தவள் என்று அர்த்தம். புருஷன் காட்டில் மரம் வெட்டும் கேம்ப்பில் கிடப்பான். அவளுக்கும் அம்மாவுக்கும் நல்ல சிநேகம். பொது மொழியான இந்தியில் இருவருக்கும் சேர்த்து நூறு வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். அதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் தம்பி பிறப்பதற்குப் பத்து நாள் முன்னால், மாசியின் இரண்டு மாதப் பெண்குழந்தை காய்ச்சலில் இறந்துவிட்டது. அதிலிருந்து அத்தை ஒரு சட்டம் போட்டாள். "பிள்ளையப் பறிகுடுத்தவ பேறு வீட்டு வாசல்ல மிதிக்கப்படாது. நீயும் அங்க போவாத." அம்மா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் போனேன். மாசிக்காக இல்லை, அவள் வளர்த்த வாத்துகளுக்காக. பன்னிரண்டு வாத்துகள், நடந்தால் சிரிப்பு வரும். முட்டைகளை அவள் பத்திரப்படுத்தும் விதமும் எனக்குப் பிடிக்கும். உத்தரத்தில் தொங்கிய பிரம்புத் தொட்டிலில் வைக்கோல் பரப்பி அடுக்கி வைத்திருந்தாள். எலிக்கும் பாம்புக்கும் எட்டாது. கெட்டிக்காரத்தனமான யோசனை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாசி வாத்துகளுக்கு ஒரு சட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாத்துகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு விழுங்கின. அவற்றின் அலகில் ஏதோ மின்னியது. ஒரு வாத்தின் வாயிலிருந்து பிடுங்கினேன். தட்டையாக இருந்தது. வழுவழுவென்று கையில் ஒட்டியது. நகத்தால் வாயைப் பிடித்து மெல்ல இழுத்தேன். கீழே பார்த்துக் குழல் நீண்டு வந்தது.

"மாசி, இது எங்கே?" என்று இந்தியில் கத்தினேன்.

"யே? பத்தக் கா கானா," என்று அலட்சியமாகச் சொல்லிக் கழியைக் கைகாட்டினாள். வாத்துத் தீனியாம்! மூன்று நாளாக அப்பா கடல் முழுக்கத் தேடிய மீன்!

ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்து அதை அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அந்த மீனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்கிருந்து கிடைத்தது என்று சொன்னதும் உதட்டைக் கடித்தாள். ஆனால் திட்டவில்லை.

அப்பா செய்த தவறு எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. ஊரில் காரல் திறந்த கடற்கரைக்கு வரும். ஆகவே இங்கேயும் அவர் திறந்த கடற்கரைகளைத் தேடிப் போனார். வெள்ளை மணல், அடியில் பவளப்பாறை, கண்ணாடி மாதிரித் தண்ணீர். அப்படிப்பட்ட இடத்தில் காரலுக்கு என்ன வேலை? அதற்கு வேண்டியது சேறு. மடக்கி வைத்திருக்கும் அந்தக் குழல்வாயைக் கீழே நீட்டிச் சேற்றைத் துழாவி, கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளை உறிஞ்சித் தின்கிற மீன் அது. ஊர்க்கடற்கரையில் அலை மணலையும் சேற்றையும் கலக்கி வைத்திருக்கிறது. இங்கே சேறெல்லாம் கழிக்குள், கண்டல் மரங்களின் வேருக்கடியில் கிடந்தது. கடல்காரனான அப்பா அந்தக் கழியை வள்ளம் கட்டுவதற்கும் கால் கழுவுவதற்கும் தவிர வேறு எதற்கும் மதித்ததில்லை.

அன்று மதியமே வீச்சுவலையோடு கழியில் இறங்கினார். தொடை வரைக்கும் சேற்றில் புதைந்தார். வலையை வீசி இழுத்தால் இலையும் வேரும் வந்தன. காரல்கள் பெரிய மீனுக்குப் பின்னிய வலைக்கண்களின் வழியாக நிதானமாக வெளியேறின. கரையில் நின்ற மாசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழந்தை போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா, "சேத்துல நிக்கது எல்லாம் ஒரு மீனா?" என்று முணுமுணுத்துக்கொண்டு வலையை அலசப் போய்விட்டார்.

பிறகு மாசி வீட்டுக்குள் போய் ஒரு பழைய சேலையை எடுத்து வந்தாள். முதலில் ஒரு கம்பால் தண்ணீரை அடித்து முதலை இல்லை என்று பார்த்துக்கொண்டாள். தன் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, சேறு கெட்டியான இடமாகப் பார்த்து நின்று, சேலையின் ஒரு முனையை என்னிடம் தந்தாள். தண்ணீர் அவளுக்கு முழங்காலைக்கூடத் தொடவில்லை. எனக்குத்தான் பாவாடை நனைந்தது. சேலையைத் தண்ணீருக்கடியில் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஹில்னா மத்," என்றாள். அசையக்கூடாது. கடல் ஏற்றம் கழிக்குள் வருகிற நேரம். வேர்களுக்கு நடுவே தண்ணீர் சத்தமில்லாமல் உயர்ந்துகொண்டிருந்தது. முதலில் தொலைவில் சேறு புகைந்தது. அந்தப் புகை எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. பிறகு என் காலில் குறுகுறுவென்று நூறு வாய்கள் தொட்டன. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவை எல்லாம் ஒரே சொல்லுக்குக் கட்டுப்பட்ட மாதிரி ஒருசேரத் திரும்பியபோது, கலங்கிய தண்ணீருக்குள் வெள்ளித் தகடு ஒன்று விரிந்து மடங்கியது. சொன்னது யார், கேட்டது எந்தக் காதால் என்று இன்றைக்கும் எனக்கு வியப்புதான். "உட்டாவ்!" என்றாள் மாசி. தூக்கினோம். சேலை நிறையக் காரல், கிர்ர் கிர்ர் என்று பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு துள்ளின.

சட்டியை மாசியே தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்தாள். அத்தை வாசற்படியில் குறுக்கே நின்றாள். "சட்டிய அங்க வை. நீ அப்படியே நில்லு," என்று தமிழில் சொன்னாள். மாசிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அது புரிந்தது. சட்டியை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

அப்போது உள்ளே தம்பி அழுதான். அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு சிணுங்கல். மாசி சட்டென்று இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டாள். அத்தையின் பார்வை அங்கே போயிற்று. மார்புச் சேலை இரண்டு பக்கமும் நனைந்து ஒட்டியிருந்தது.

அத்தை அதையே வெறித்துப் பார்ப்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை. மாசிக்காகப் பரிந்து, "கழித்தண்ணி அத்தே. மீனு பிடிச்சோம்லா, அதான்," என்றேன்.

மாசியும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பி இன்னொரு தடவை சிணுங்கினான். அத்தை படியிலிருந்து விலகினாள்.

"உள்ள வா பிள்ளே," என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தையின் சட்டத்தையே மாற்றிவிட்டதே காரல்!

அன்றிலிருந்து தினமும் கடல் ஏறுகிற நேரத்தில் நானும் மாசியும் கழியில் நின்றோம். சட்டி நிறைந்ததும் வீட்டுக்கு வருவோம். மாசி உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்காருவாள். அத்தை கதவைச் சாத்திவிட்டு, கதவிலேயே முதுகைச் சாய்த்து வெளியே உட்கார்ந்து காரலை நறுக்குவாள். வெற்றிலை அளவு மீனுக்குச் செதில் பேருக்குத்தான், முள்ளோ ஏராளம். நறுக்க அரை மணி நேரம் ஆகும். நான் உள்ளே போகப் பார்த்தால், "பேறு வீட்டுல ஒனக்கு என்ன வேல? பானையில மீதி மீனு கெடக்கு, காக்காய் கொத்தாமப் பாத்துக்கோ" என்று விரட்டுவாள். இருட்டுகிற நேரத்தில் மாசி இன்னொரு தடவை வருவாள், விடியலிலும் வருவாள், அம்மாவுக்குச் சாறு வைக்க உதவியாக. அப்பா அந்நேரம் கடலில் இருப்பார்.

நானும் பானையைக் காவல் காத்தேன். ஒரு நாள் மீன்கள் உள்ளே என்ன செய்கின்றன என்று பார்ப்பதற்காகப் பானையோடு சேர்த்து என் தலையையும் ஒரு கோணிக்குள் நுழைத்துக்கொண்டேன். கண் இருட்டுக்குப் பழகியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உயிரோடு இருந்த இரண்டு காரல்களின் தொண்டைக்குக் கீழே, வயிற்றோரமாக, பச்சையும் நீலமுமாக மங்கிய வெளிச்சம் தெரிந்தது. மூச்சுக்கு மூச்சு கூடிக் குறைந்தது. கதவுக்குப் பின்னால் மாசி ஏதோ ஒரு வங்காளப் பாட்டை மெல்ல முனகிக்கொண்டிருந்தாள். நான் கோணிக்குள்ளேயே இருந்தேன். உலகத்திலேயே பெரிய ரகசியத்தை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைப்பு!

வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லித்தரும் வேலைக்கு வந்த பிறகுதான் அந்த வெளிச்சத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அது காரலுடைய சொந்த வெளிச்சம் இல்லை. அதன் தொண்டைக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்களுடையது. பிறக்கும்போது காரல் குஞ்சுக்கு அது கிடையாது. சுற்றியிருக்கும் தண்ணீரிலிருந்துதான் வந்து சேர வேண்டும். மேலிருந்து வருகிற வெயிலுக்குச் சமமாக வயிற்றில் வெளிச்சத்தை வைத்துக்கொண்டால், கீழேயிருந்து பார்க்கிற பெரிய மீனுக்கு நிழல் தெரியாது. இத்தனை ஏற்பாடும் வாத்துக்குப் போடுகிற ஒரு மீனுக்குள்! இதை வகுப்பில் இரண்டு தடவை சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஒரு வாரத்தில் தம்பி மறுபடியும் வீடு இடிகிற மாதிரி கத்தத் தொடங்கினான். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது, எழுந்து உட்கார்ந்தாள், பிறகு அவளுக்கே பால் ஊறியது. அத்தை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா, "காரல்னா காரல்தான்! எனக்க மோளு கண்டுபிடிச்ச காரல்!" என்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பாம்பூஃப்ளாட் கடைத்தெரு வரைக்கும் போனார். அப்புறம் மாசியின் குடும்பத்துக்கு ஃபெரார்கஞ்ச் பக்கம் நிலம் கிடைத்து, வாத்துகளோடு போய்விட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது வருவாள். வந்தால் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, தன் கையால் அவனுக்குச் சோறு ஊட்டாமல் போகமாட்டாள். சேலையின் மறுமுனையைப் பிடித்து நின்றவள் நான், கொஞ்சலெல்லாம் இவனுக்கா என்று எனக்கு உள்ளுக்குள் குமையும்.

இருபத்தாறு வயதில் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் பிறந்தாள். நாலாம் நாள், குழந்தை என் பக்கத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டிலில் யாருடைய குழந்தையோ பசித்து அழுதது. என் குழந்தை இல்லை, எவளோ முன்பின் தெரியாதவளுடைய குழந்தை. ஆனாலும் என் மார்பு இரண்டும் சுரீரென்று கட்டி, ரவிக்கை நனைந்தது. நான் குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்தேன். பிறகு என் கைகள் தாமாகவே மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டன.

சாயங்காலம் அம்மா தூக்குவாளியில் காரல் சாறு கொண்டுவந்தாள். மூடியைத் திறக்கவிடாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மாசியா?" என்று மட்டும் கேட்டேன்.

அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "பன்னெண்டு நாளு," என்றாள்.

"அப்பாவுக்கு?"

"அவிய காரல்னு சந்தோசமா சொல்லிட்டு இருக்காவ. இருந்துட்டுப் போட்டும்."

"அத்தைக்கு?"

"கதவுல சாஞ்சு காவலுக்கு இருந்தது ஆரு?"

நான் அழுதேன். அம்மா சாற்றை ஊற்றிக் கையில் கொடுத்தாள். குடித்தேன். காரலை நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது இல்லையென்றால் மாசி அந்த வாசலுக்கு வந்திருக்க முடியாது. ஆனால் அன்று ராத்திரி கண்ணை மூடினால் ஒரே ஒரு நாள்தான் திரும்பத் திரும்ப வந்தது.

அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வந்த மறுநாள் அது. நேராக மாசியின் வீட்டுக்குப் போய், தம்பி பிழைத்தது என் மீனால்தான் என்று ஊரே சொல்கிறது என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன். வாத்துகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஹாம். தும்ஹாரா மச்லி," என்றாள். ஆமாம், உன் மீன்தான்.

அப்படியென்றால் எனக்குப் பரிசாக ஒரு முட்டை தா என்றேன். அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, உத்தரத்தில் தொங்கிய அந்தப் பிரம்புத் தொட்டிலுக்குள் கையை விட்டு, இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.